மதினியின் முதுகில் சிங்கம்

எழிலரசியும் அவள் மதினி புஷ்பவல்லியும் ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டே சந்தோஷமாக இருந்தவர்கள். மதினி என்றால் கணவன் சேனாபதிக்கு அக்கா. அமெரிக்காவுக்கு முதலில் வந்தவள் அவள்தான். ஜெர்சி சிட்டியில் பேங்க் வேலை பார்த்த புருஷனோடு வந்தாள். அவர் ஒரு நாள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. பிள்ளை குட்டி கிடையாது. அந்த வருஷம்தான் எழிலரசிக்கு ரக்ஷா பிறந்தாள். குழந்தையைக் குளிப்பாட்ட வந்த புஷ்பவல்லி, அப்படியே தம்பி வீட்டில் தங்கிவிட்டாள். ரக்ஷா இப்போது ஹைஸ்கூல் போகிறாள்.

அந்த வீட்டில் பொழுது விடிந்தது என்பதற்கு அலாரம் தேவையில்லை. கீழே அடுப்படியில் புஷ்பவல்லியின் வாய் திறந்துவிட்டால் விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"இது சாம்பாரா, பாத்திரம் கழுவின தண்ணியாடி?"

"உங்க தம்பி ரெண்டு தரம் வாங்கி ஊத்திக்கிட்டாரு மதினி."

"அவன் சின்ன வயசுல சாக்பீஸையே தின்னவன்டி. அவன் நாக்கு ஒரு நாக்கா?"

சேனாபதி லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு, காது கேளாதவன் மாதிரி வெளியே நடப்பான். எழிலரசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். ஆனால் மதினி டேகேருக்குக் கிளம்பிப் போன பிறகு வீட்டில் ஏதோ குறைகிறது என்று டிவியைப் போட்டுவிட்டு உட்காருவாள். மதினி அந்த டேகேரில் வாண்டுகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தாள். எழிலரசிக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டெஸ்டிங் வேலை. யாரோ எழுதினதில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை. "வீட்டுல நான் உன்கிட்ட கண்டுபிடிக்கிறேன், நீ கம்பெனியில கண்டுபிடிக்கிற. சரியாப் போச்சு" என்பாள் புஷ்பவல்லி.

எழிலரசி பிறந்தது மானாமதுரையில், வேளார் வீட்டில். பானை சட்டி செய்கிற வீடு. அப்பாவுக்கு அக்கி எழுதுகிற கை உண்டு. உடம்பில் அக்கி கிளம்பி எரிச்சல் தாங்காமல் வருகிறவர்களுக்கு, காவிக்கல்லைத் தண்ணீர் விட்டு உரைத்து, கொப்புளத்தைச் சுற்றிச் சிங்கப் படம் எழுதிவிடுவார். மூன்று நாள் உப்பில்லாத சோறு, குளிக்கக் கூடாது. ஆறுவது காவியாலா, தானாகவா என்று யாரும் ஆராய்ச்சி செய்தது கிடையாது. வந்தவர் ஆறிப் போனார், அவ்வளவுதான் கணக்கு. பெண்ணுக்கும் அந்தக் கை இருக்கிறது என்று அப்பா சொல்லிக்கொள்வார். கல்யாணம் முடிந்து அமெரிக்கா புறப்பட்டபோது, பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு காவிக்கல்லையும் துணியில் சுற்றி வைத்துவிட்டார். கஸ்டம்ஸில் பிரித்துப் பார்த்தவன் முகர்ந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டான். "பெயின்ட்" என்று சொன்னாள். பொய்யும் இல்லை.

அந்தப் பெயின்ட்டுக்கு நியூ ஜெர்சியிலும் வேலை வந்தது. இன்னாருக்கு அக்கி என்று தெரிந்தால் போன் வரும். டாக்டரிடம் போய்விட்டு, மாத்திரையும் வாங்கி வைத்துக்கொண்டு, இவளிடமும் வந்து முதுகைக் காட்டுவார்கள். இன்ஜினியர்கள்தான். எழிலரசியும் ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுதிவிடுவாள்.

ஜெர்சி சிட்டி அபார்ட்மென்ட்டை விட்டு, மேற்கே ஒரு மணி நேரம் தள்ளி, காட்டு ஓரமாக ஒரு டவுன்ஹவுஸ் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பின்பக்கம் புல்வெளி, அதைத் தாண்டினால் மரங்கள். சாயங்காலமானால் மான்கள் வந்து நிற்கும். புஷ்பவல்லி நட்ட தக்காளிச் செடியை மொட்டையாக மேய்ந்துவிட்டு, வீட்டைப் பார்த்துக் காதை ஆட்டும். அவளும் ஜன்னலைத் திறந்து மானை வைவாள். மான்தான் அந்த ஊரில் அவளுக்குப் பதில் பேசாத ஒரே ஜீவன்.

எல்லாம் ஆரம்பித்தது போன வருஷத்துப் பிள்ளையார் சதுர்த்தியில்.

இந்தியன் ஸ்டோரில் அருகம்புல் கட்டுக் கட்டாக வருகிறது. சேனாபதி வாங்கிக்கொண்டும் வந்துவிட்டான். புஷ்பவல்லி கையில் எடுத்துப் பார்த்தாள்.

"ஃப்ரிட்ஜ்ல செத்துப்போன புல்லுடா இது. இதையா பிள்ளையாருக்குப் போடுறது? அவர் என்ன பாவம் செஞ்சாரு?"

"அதெல்லாம் அவர் அட்ஜஸ்ட் பண்ணிக்குவாருக்கா."

"நீ உன் மேனேஜரை அட்ஜஸ்ட் பண்ணு. எழிலு, வாடி."

இரண்டு பேரும் பார்க்கிங் லாட்டைத் தாண்டி, வெட்டின புல் முடிந்து காட்டுப்புல் ஆரம்பிக்கிற இடத்துக்குப் போனார்கள். அங்கே முழங்கால் உயரத்துக்குப் புல். அதில் அருகு எது, வெறும் புல் எது என்று பிள்ளையாருக்கே வெளிச்சம். முனை மூன்றாகப் பிரிந்திருந்தால் அருகு என்று புஷ்பவல்லி தீர்ப்புச் சொல்லிவிட்டு, புல்லிலேயே உட்கார்ந்து பறித்தாள். குர்தா மேலே ஏறி இடுப்பு தெரிந்தது. எழிலரசி நின்றுகொண்டே பறித்தாள். அவள் குனிய மாட்டேன் என்கிறாள் என்று அதற்கும் ஒரு ஏச்சு வாங்கினாள். வீட்டுக்கு வந்து பூஜை முடித்து, கொழுக்கட்டையில் தேங்காய் குறைவு என்று இன்னொரு சண்டை போட்டு, அன்றைய நாள் நல்லபடியாகத்தான் முடிந்தது.

பிறகு ஒரு காலையில் புஷ்பவல்லி வந்து முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

"இடுப்புக்கு மேல என்னமோ சூடா இருக்குடி. பாரு."

எழிலரசி பார்த்தாள். இட்லி அகலத்துக்குச் சிவப்பு. அதைச் சுற்றி வெளுத்த ஒரு வளையம். அதற்கும் வெளியே மறுபடி ஒரு சிவப்பு வளையம்.

"எரியுதா மதினி?"

"இல்ல."

"அரிக்குதா?"

"அதும் இல்ல. அக்கிதானே? எழுதுறியா, இல்ல கேள்வி கேட்டே ஆத்திரலாம்னு இருக்கியா?"

அக்கி என்றால் எரியும். தொட்டால் துடிக்கும். பொடிப்பொடியாகக் கொப்புளம் நிற்கும். இதில் ஒன்றுமே இல்லை. அது எழிலரசிக்குத் தெரியாமல் இல்லை. "டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிருவோமா?" என்று கேட்கத்தான் செய்தாள்.

"அப்பாயின்ட்மென்ட் கெடைக்கிறதுக்குள்ள அக்கி எனக்கு டாட்டா காட்டிட்டுப் போயிரும். வேளார் வீட்டுப் பொண்ணை வீட்டுலயே வச்சுக்கிட்டு நான் டாக்டருக்கு எங்கடி அலையுறது?"

எழிலரசி காவியை உரைத்தாள். ரக்ஷாவின் பெயின்ட்டிங் பிரஷ்ஷால் அந்த வளையத்துக்குள் தலையும், வளையத்தைத் தாண்டி வாலுமாக ஒரு சிங்கத்தை எழுதினாள். மூன்று நாள் உப்பில்லாத கஞ்சி கொடுத்தாள். அந்த நாட்களில் மதினிக்குக் கொஞ்சம் காய்ச்சல், உடம்பு வலி. அக்கியின் வேகம் என்று சொல்லிக்கொண்டார்கள். காவியைக் கழுவினபோது சிவப்பு மங்கியிருந்தது. அடுத்த வாரம் இடம் தெரியவில்லை. புஷ்பவல்லி ஊருக்கெல்லாம் போன் போட்டு, "எங்க எழிலு கை மாதிரி வராது" என்றாள். அத்தனை வருஷத்தில் அவள் எழிலரசியை ஒரு வார்த்தை உயர்த்திச் சொன்னது அதுதான் முதல் தடவை. எழிலரசி அதை மாடிப்படியில் நின்று கேட்டாள்.

இலையெல்லாம் உதிர்கிற காலத்தில், ஒரு நாள் பல் விளக்கும்போது புஷ்பவல்லியின் வாயில் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு பக்கமாக வழிந்தது. ரக்ஷா பார்த்துவிட்டு, "அம்மா, கம் குவிக். அத்தை ஃபேஸ் லுக்ஸ் ராங்" என்று கத்தினாள். முகத்தின் இடது பக்கம் இறங்கிக் கிடந்தது. கண் மூடவில்லை.

பக்கவாதம் என்று பதறிக்கொண்டு எமர்ஜென்சிக்கு ஓடினார்கள். அது இல்லை, முகத்து நரம்பு மட்டும்தான் படுத்துவிட்டது என்றார் அங்கிருந்த டாக்டர். வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். பூச்சி ஏதும் கடித்ததா? தோலில் ராஷ் ஏதும் வந்ததா?

"நோ" என்றாள் புஷ்பவல்லி, கோணின வாயால்.

எழிலரசியும் இல்லை என்று தலையாட்டினாள்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்கள் மனசில் வந்தது அக்கி. அதற்கு எழுதியாகிவிட்டது, அதுவும் ஆறிவிட்டது. ஆறிப்போன அக்கியை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா? மாத்திரையும், கண்ணுக்குப் போட மருந்தும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

முகம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. மதினி வரவில்லை.

அப்படித்தான் சொல்ல வேண்டும். முன்பக்கச் சோபாவில் கம்பளியைப் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது வேறு யாரோ. மாடி ஏறினால் மூச்சு வாங்கினாள். படுத்து எழுந்தால் படுத்ததைவிடக் களைப்பாக இருந்தது. டேகேரில் தினமும் தூக்கி வைத்துக்கொள்கிற பிள்ளையின் பேர் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அந்தப் பிள்ளை மடியில் உட்கார்ந்து காத்துக்கொண்டே இருந்ததாம். அன்றோடு வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அதெல்லாவற்றையும் விட ஒன்று. எழிலரசி தட்டைக் கொண்டுபோய் வைத்தால், "தேங்க்ஸ்மா" என்றாள்.

சாம்பாரில் எழிலரசி ஒரு நாள் உப்பே போடவில்லை. வேண்டுமென்றா மறந்தா, அவளுக்கே தெரியாது. மதினி முழுவதையும் சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்றாள்.

எழிலரசி தட்டை வாங்கிக்கொண்டு போய் ஸிங்கில் வைத்துவிட்டு நின்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மதினி வாயைத் திறந்து தன்னை ஒரு தரம் ஏச வேண்டும். பழையபடி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி.

பனி கொட்டுகிற மாதத்தில் மதினிக்கு வலது முழங்கால் வீங்கியது. தேங்காய் மாதிரி உருண்டு நின்றது. அடிபடவில்லை, விழவில்லை. இந்தத் தடவை வேறு ஒரு டாக்டர், சின்ன வயதுப் பெண். முழங்காலில் ஊசி போட்டு நீர் எடுத்தாள், ரத்தம் எடுத்தாள். அடுத்த வாரம் கூப்பிட்டு, லைம் என்றாள். எலுமிச்சம்பழத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது ஒரு ஊர்ப் பேர். மான் மேலும் எலி மேலும் ஒட்டிக்கொண்டு திரிகிற உண்ணி, எள்ளு அளவுதான் இருக்குமாம், புல் நுனியில் காத்திருந்து ஆள் மேல் ஏறுமாம். கடித்தது தெரியாதாம். கிருமியை உள்ளே விட்டுவிட்டு அது பாட்டுக்கு விழுந்துவிடுமாம்.

"போன வருஷத்துல உடம்புல எங்கயாவது வட்டமா, டார்கெட் மாதிரி சிவந்துச்சா?" என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டாள்.

"நோ" என்றாள் புஷ்பவல்லி.

எழிலரசி எழுந்தாள். மேஜை மேலிருந்த பேனாவை எடுத்தாள். பேஷன்ட் படுக்கிற கட்டிலில் விரித்திருந்த வெள்ளைப் பேப்பரில் ஒரு வட்டம் போட்டாள். இடம் விட்டு வெளியே இன்னொரு வட்டம் போட்டாள். பேனா அதோடு நிற்கவில்லை. உள்ளே பிடரி வந்தது, கண் வந்தது, வட்டத்தைத் தாண்டி வால் வந்தது. எழுதின கை எழுதினபடியே எழுதியது.

டாக்டர் குனிந்து பார்த்தாள். "இஸ் தட் எ டாக்?"

"லயன்" என்றாள் எழிலரசி. பிறகு, அன்று காவியால் எழுதினதைச் சொன்னாள். அவள் குரல் எழுத்து எழுத்தாகப் பாஸ்வேர்டு சொல்கிற மாதிரி இருந்தது.

டாக்டர் சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. அந்த வளையம்தான் இந்த நோயின் முத்திரை என்றாள். அது எழுதினாலும் போகும், எழுதாவிட்டாலும் போகும். வளையம் போய்விடும், கிருமி போகாது. அன்றே மாத்திரை ஆரம்பித்திருந்தால் பெரும்பாலும் அப்போதே சரியாகிப் போயிருக்கும். இப்போதும் மருந்து இருக்கிறது, முழங்கால் வற்றிவிடும், ஆனால் களைப்பும் மறதியும் எப்போது விலகும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு மாசக்கணக்கில் இழுக்கும். பொறுமை வேண்டும்.

எழிலரசி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர் சமாச்சாரத்தைக் கேட்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

காரைச் சேனாபதி ஓட்டினான். எழிலரசி பின்சீட்டில் உட்கார்ந்து மதினியின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். இப்போது வரும், இந்த சிக்னல் தாண்டினதும் வரும் என்று இருந்தாள். ஃப்ரீவேயில் ஏறின பிறகு புஷ்பவல்லி வாயைத் திறந்தாள்.

"ஹீட்டரைக் கொஞ்சம் கொறைக்கிறியாப்பா? தேங்க்ஸ்."

வீட்டுக்கு வந்ததும் எழிலரசி மதினியின் ஷூவைக் கழற்றிவிட்டுக்கொண்டே கேட்டாள். "மதினி, என்னைய ஏசிருங்க."

"எதுக்கும்மா? எழுதுன்னு நான்தானே சொன்னேன்."

"எரியலைன்னு சொன்னீங்கள்ல? எனக்குத் தெரியும்ல?"

"விடும்மா. அசதியா இருக்கு."

சேனாபதியும் ஏசவில்லை. அவன் எப்போதும் பேசாதவன்தான். காவிக்கல்லைத் துணியோடு எடுத்துப் போய்க் கராஜில் வைத்தான். "இனிமே யாருக்கும் எழுத வேண்டாம் எழில்" என்றான். ஒருவர் அடித்திருந்தால்கூட எங்கே வலிக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு எழிலரசி எல்லாம் செய்தாள். செய்யவில்லை என்று ஒருவர் சொல்ல முடியாது. மாத்திரையைப் பாலோடும் மோரோடும் கொடுக்கக் கூடாது என்றார்கள். காபியில்லாமல் கண் திறக்காத மதினிக்கு, மாத்திரைக்கும் காபிக்கும் நடுவில் பொழுதை இழுத்துப் பிடித்துக் கொடுத்தாள். வெயில் பட்டால் தோல் வெந்துவிடும் என்றார்கள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். ஒரு மாசம் மாத்திரை. முழங்கால் வற்றி, மறுபடி வீங்கியது. மேல் கையில் குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தாள். கையைக் கழுவுவது, குழாயின் வாயைத் துடைப்பது, காற்றுக்குமிழி இல்லாமல் ஏற்றுவது. எழிலரசியின் விரல் ஒரு தரம்கூட நடுங்கவில்லை. "யூ ஆர் எ நேச்சுரல்" என்றாள் நர்ஸ், பிறவிக் கை என்கிற அர்த்தத்தில். நடுங்குவதற்கு உள்ளே ஏதாவது இருந்தால்தானே?

வெளியே போய்விட்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தி உண்ணி தேடுவதும் அவள் வேலையானது. ரக்ஷாவின் முடியை வகிர்ந்து வகிர்ந்து, பேன் பார்க்கிற மாதிரி பார்த்தாள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், முழங்காலுக்குப் பின்பக்கம். "அம்மா, ஐ ஒன்லி வென்ட் டு த மெயில்பாக்ஸ்" என்று அது சிணுங்கும். சேனாபதி வழுக்கைத் தலையைக் குனிந்து காட்டுவான். "இதுல உண்ணி உக்காந்தா ரோட்டுலேர்ந்தே தெரியும் எழில்" என்பான். அவள் சிரிக்க மாட்டாள். அவளும்தான் குப்பை கொட்ட, தபால் எடுக்க வெளியே போய் வந்தாள். அவள் தலையை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

ஒரு தடவை தோசைக்கல்லில் விரலை வைத்துவிட்டாள். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் அது தோசை இல்லை என்று தெரிந்தது.

டெலிபோனில் யோசனை சொல்கிறவர்களுக்குக் குறைவில்லை. மஞ்சள் கொடு, பத்தியம் மாற்று, நெவார்க்கில் ஒருத்தர் இருக்கிறார், கலிபோர்னியாவில் ஒருத்தர் இருக்கிறார். "லைம்தானே, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் ரெண்டு வாரத்துல எந்திரிச்சு ஓடுனான்" என்பார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள், "முகமெல்லாம் பளிச்சுன்னு இருக்கே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நோவு வெளியே தெரியாதது மதினிக்கு இன்னொரு நோவு. அதற்கும் அவள் "தேங்க்ஸ்" சொன்னாள்.

மதினியின் கையிலிருந்து மருந்துக் குழாயை எடுத்த பிறகு ஒரு நாள், இரண்டு வாசல் தள்ளி இருக்கிற நாகலக்ஷ்மி ஆன்ட்டி வந்தாள்.

"எங்காத்துக்காரருக்கு விலாவுல அக்கிம்மா. சட்டைகூடப் போட முடியல. டாக்டர்கிட்ட காட்டியாச்சு, மாத்திரையும் போட்டுண்டிருக்கார். இருந்தாலும் நீ ஒரு தரம் எழுதினியானா அவருக்கு ஒரு தெம்பு. போன தடவை எங்க சம்பந்திக்கு எழுதினியே."

"நான் இப்ப எழுதுறதில்ல ஆன்ட்டி."

"ஏம்மா, ஒரு அஞ்சு நிமிஷம்தானே?"

நாகலக்ஷ்மிக்கு விஷயம் தெரியாது. எழிலரசி சோபாவைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதாவது மதினி ஒன்று சொல்வாள். இவ கையால நான் பட்டது போதாதா என்பாள். பிடுங்கித் தின்றுவிடுவாள்.

புஷ்பவல்லி கம்பளிக்குள்ளிருந்து மெல்லிசாகச் சொன்னாள். "பாவம், எழுதிக் குடும்மா. உன் கை நல்ல கை."

எழிலரசி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. வந்தவள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

வெயில் காலம் வந்தது. முழங்கால் வற்றினது வற்றினபடி நின்றது. புஷ்பவல்லி கைத்தடியோடு நடந்தாள். ஒரு நாள் நன்றாக இருந்தால் மறுநாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாள். ஒரு தரம் ஜன்னல் வழியாகத் தக்காளிப் பாத்தி அருகே நின்ற மானைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். வையவில்லை. எழிலரசி கையில் துடைப்பத்தோடு பின்னால் நின்றாள். மானும் கொஞ்சம் காத்திருந்துவிட்டுப் போனது.

மறுபடியும் பிள்ளையார் சதுர்த்தி.

சேனாபதி முதல் நாளே ஸ்டோரில் அருகம்புல் வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் எழிலரசி கொழுக்கட்டை மாவு கிளறிக்கொண்டிருந்தபோது, ஃப்ரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, கைத்தடிச் சத்தம். எட்டிப் பார்த்தால், வாசல் நாற்காலியில் உட்கார்ந்து புஷ்பவல்லி பேன்ட்டை வெள்ளைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டிருக்கிறாள். வெகு நேரமாகத் திணித்திருக்கிறாள் போல. மூச்சு வாங்கியது.

"எங்க மதினி?"

"புல்லுக்கு."

"அவுக வாங்கியாந்துட்டாகளே."

"பாத்தேன்." அதற்கு மேல் அவளுக்குப் பேசத் தெம்பில்லை. தடியை ஊன்றி எழுந்துவிட்டாள். அந்தப் பிடிவாதத்தை எதிர்த்து நிற்க எழிலரசிக்கும் தெம்பில்லை. அவளும் உண்ணி ஏறாதபடி பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொண்டு, கைகாலெல்லாம் உண்ணி மருந்து அடித்துக்கொண்டு கூடப் போனாள்.

பார்க்கிங் லாட்டில் தார் முடிகிற இடத்தில் புஷ்பவல்லி நின்றுவிட்டாள். அதைத் தாண்டி ஒரு அடி வைக்கவில்லை. எழிலரசி மட்டும் புல் ஓரமாகப் போய்க் குனிந்து பறித்தாள். முனை மூன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தூக்கிக் காட்டினாள். மதினி தலையாட்டினதை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு கைப்பிடி சேர்ந்தது. திரும்பி வருகிற வழியில் புஷ்பவல்லி இரண்டு இடத்தில் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் போட்டிருந்த துணியெல்லாம் டிரையருக்குள் போனது. அந்தச் சூட்டில் உண்ணி செத்துவிடும். எழிலரசி மதினியை உட்கார வைத்து, தினப்படி பார்க்கிற மாதிரி பார்த்தாள். காது, கழுத்து, அக்குள், இடுப்பு. சிங்கம் எழுதின இடம் வெறும் முதுகாக இருந்தது. ஒன்றும் இல்லை.

"சரி மதினி. நீங்க படுங்க. நான் பூஜைக்கு எடுத்து வைக்கிறேன்."

"உக்காரு."

"என்ன மதினி?"

"புல்லுக்குள்ள போனவ நீ. கரையில நின்னவ தலையைத் தேடிக்கிட்டு இருக்க. உக்காருடி."

அந்த 'டி' எங்கிருந்து வந்தது என்று எழிலரசிக்குத் தெரியவில்லை. சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தாள். புஷ்பவல்லி அவள் தலையைப் பிடித்துக் குனியவைத்து, கொண்டையை அவிழ்த்தாள். விரல்கள் பழைய விரல்கள் இல்லை, தடித்து, வளைய மறுத்தன. ஒரு வகிடு எடுக்க ஒன்பது தரம் தடுமாறின.

"டை அடிச்சு எத்தனை மாசமாச்சு?"

எழிலரசி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"வைக்கோல் போர் கணக்கா இருக்கு. இதுக்குள்ள உண்ணி நுழைஞ்சா வழி தெரியாமச் செத்துப் போகும். கடிக்கிறதாவது."

மதினியின் மூச்சு மட்டும் தலையில் பட்டது. மதினி களைத்துவிட்டாள், நிறுத்திவிடுவாள் என்று எழிலரசி நினைத்தாள். ஆனால் விரல் நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

"அந்த டாக்டரம்மா நாயான்னு கேட்டாளே."

"ம்."

"அன்னைக்கே சிரிச்சிருப்பேன். தெம்பு இல்ல." மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்கப்பா எழுதுனா சிங்கம் சிங்கமா இருக்கும்டி. ஊரே சொல்லும். நீ என் முதுகுல தெருநாயை எழுதி விட்டுட்டு, சிங்கம்னு வேற அமெரிக்காக்காரிகிட்ட சாதிக்கிற. வெக்கமா இல்ல? எரியலைன்னு நான் சொல்றேன், அப்பவும் எழுதுற. அறிவு வேணாம்? நான்தான் அறிவு கெட்டுப்போய்க் கேட்டேன்னா, உனக்கு எங்க போச்சு?"

சொல்லிக்கொண்டே, சிக்கு விழுந்த ஒரு கொத்து முடியை விரலில் சுற்றி இழுத்தாள். வேர் வரைக்கும் சுரீர் என்றது.

"ஆ! வலிக்குது மதினி."

"வலிக்கட்டும்."

எழிலரசி தலையை எடுக்கவில்லை. அடுப்படியில் மாவு ஆறிக்கொண்டிருந்தது. பூஜைக்கு நேரமாகிறது என்று சேனாபதி மாடியிலிருந்து குரல் கொடுத்தான். புஷ்பவல்லி அடுத்த வகிட்டை எடுக்க விரலை ஊன்றினாள். அது நழுவியது. மறுபடி ஊன்றினாள்.

"அசையாத" என்றாள். "இன்னும் இடது பக்கம் பாக்கல."